நாக்குப் பெட்டி

தம்பி அவளைச் சிரிக்க வைத்தான். அவள் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினாள். நடந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு சிவபாக்கியம் எத்தனையோ அலுவலகங்களில் எத்தனையோ பேரிடம் இந்தக் கதையைச் சொன்னாள். சிரித்ததை மட்டும் எங்கேயும் சொல்லவில்லை.

நெடுஞ்சோலைத் தோட்டத்து ரேஷன் கடையில் பதினாறு வருடமாக அவள்தான் விற்பனையாளர். அன்று மாதத்தின் இரண்டாம் தேதி. காலை ஒன்பது மணிக்கே வரிசை மாரியம்மன் கோயில் வளைவுவரை நின்றது. நிற்காமல் என்ன செய்வார்கள்? வெளியே அரிசி கிலோ இருநூறைத் தொட்டுவிட்டது. துவரம்பருப்பை நூறு கிராம் பொட்டலமாக வாங்கினார்கள். சிலிண்டர் வாங்க வழியில்லாமல் லைன் வீடுகளில் மறுபடியும் கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி எரியத் தொடங்கி, சாயங்காலமானால் மலை முழுக்கப் புகை மூட்டமாக இருந்தது. இத்தனைக்கும் காரணம் என்னவென்று அரசாங்கம் ஒரே வரியில் சொல்லியிருந்தது. கடைச் சுவரிலேயே ஒட்டியிருந்தது: ‘உங்கள் அரிசியை அயலார் உண்கிறார்கள்.’

அந்த அயலாரைக் கண்டுபிடிக்க வந்த இயந்திரத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் நாவறி. காகிதத்தைப் போலியாக அடிக்கலாம், நாக்கைப் போலியாக அடிக்க முடியாது என்பது விளம்பரம். கார்டைத் தேய்த்தால் திரையில் ஒரு கேள்வி வரும். அரை நிமிஷம் பதில் பேச வேண்டும். என்ன சொல், எந்த இழுப்பு, எங்கே மூச்சு வாங்குகிறோம் என்றெல்லாம் பார்த்து நூற்றுக்கு ஒரு எண் போடும். அந்த எண்ணுக்கு மண் மதிப்பெண் என்று பெயர். பச்சை வந்தால் அரிசி. சிவப்பு வந்தால் சரிபார்ப்பு. நெடுஞ்சோலைக்கு அது மற்ற ஊர்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. இங்கே பாதிக் குடும்பங்கள் எழுபதுகளில் ஒப்பந்தப்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள். வந்த அன்றே இந்தியப் பிரஜைகள். அதற்கெல்லாம் காகிதம் இருந்தது. பெட்டிக்குக் காகிதம் படிக்கத் தெரியாது.

“வீட்டுக்கு வரி, தண்ணிக்கு வரி, இப்ப நாக்குக்கும் வரி போட்டுட்டானுங்க. நாவரி!” என்று முதல் நாளே சொன்னவர் ரிட்டயர்டு கண்டக்டர் சென்னியப்பன். அதிலிருந்து ஊரில் பாதிப் பேர் நாவரி என்றார்கள், மீதிப் பேர் நாக்குப் பெட்டி என்றார்கள்.

சிவபாக்கியத்தின் தம்பி தவராசு கொழுந்து ஏற்றும் வண்டி ஓட்டுகிறவன். முப்பத்தொன்பது வயது. வரிசையில் அவன் முறை வந்ததும் கார்டைத் தேய்த்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

“என்னக்கா, இன்னிக்கு என்ன கேக்குது உம் பெட்டி?”

“காலையில் என்ன உண்டீர்கள்னு கேக்குது. சுருக்கச் சொல்லிட்டுப் போடா. பின்னாடி முப்பது பேரு நிக்கிறாங்க.”

அவன் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டான். ஒரு கையைப் பின்னால் கட்டி, கீழுதட்டைத் துருத்தி, கழுத்தைக் கொஞ்சம் சாய்த்தான். “ரெண்டு துண்டு பாணு, தொரைகளே. கட்ட சம்பலு. ஒரு பேணி நெறையத் தேத்தண்ணி. குடிச்சிட்டுக் கோச்சி ஏறப் போறேனுங்க.”

அப்பாவே வந்து நின்ற மாதிரி இருந்தது. பதினைந்து வயதில் கப்பலில் வந்தவர் அவர். சாகும்வரை ரொட்டிக்குப் பாண் என்றார், இடித்த மிளகாய்த் துவையலுக்குக் கட்ட சம்பல் என்றார், தகரக் குவளைக்குப் பேணி என்றார், ரயிலுக்குக் கோச்சி என்றார். அவர் போய் எட்டு வருடம். சிவபாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். வரிசையில் நின்ற வயதானவர்கள்கூடச் சிரித்தார்கள்.

பெட்டி சிவப்புக் காட்டியது. நாற்பத்து நான்கு.

சிவப்பு வந்தால் திரையில் இரண்டு பொத்தான்கள் வரும். ஒன்று ‘சரி’. இன்னொன்று ‘விளக்கம்’. விளக்கத்தைத் தொட்டால் பெட்டி பூட்டிக்கொள்ளும், மேலிடத்துக்கு அழைப்புப் போகும், வரிசை மணிக்கணக்கில் நிற்கும் என்று பயிற்சியில் பயமுறுத்தியிருந்தார்கள். ‘சரின்னு அழுத்துங்க, அடுத்த ஆள் வந்துரும், அவ்வளவுதான்.’

கண்ணைத் துடைத்துக்கொண்டே சரியை அழுத்தினாள்.

“கெடுத்துட்டியா? இனி மூணு நாளு ஆபீசு ஆபீசா அலை.”

“அலைஞ்சிட்டாப் போச்சு. அப்பாவப் பாத்தியா இல்லியா?”

மதியம் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கே ஜீப் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. வண்டிச் சாவி அவன் சட்டைப் பையிலேயே போய்விட்டதால் கொழுந்து மூட்டைகள் சாயங்காலம்வரை வண்டியிலேயே வெந்து கறுத்தன.

தவராசுவின் மனைவி லோகநாயகி பறித்த கைகூடக் கழுவாமல் கடைக்கு வந்தாள். விரலெல்லாம் கொழுந்துக் கறை.

“மதினி, நீங்கதான உள்ள உக்காந்திருந்தீங்க?”

“பெட்டிதான் சிவப்புன்னு சொல்லிருச்சு லோகா.”

“பெட்டி சொல்லுச்சு. நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் ஒண்ணுமே சொல்லலியே.”

அன்று அவள் அதை மனதார நம்பித்தான் சொன்னாள்.

மறுநாள் அதிகாலை முதல் பஸ்ஸில் இருவரும் சரிபார்ப்பு ஆணையத்தின் அலுவலகத்துக்குப் போனார்கள். அப்பா அம்மாவின் கப்பல் அனுமதிச் சீட்டு, மறுவாழ்வுத் துறை கொடுத்த குடும்ப அட்டை, தம்பியின் பிறப்புச் சான்று, பள்ளிக்கூட டி.சி. என்று எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போனாள். மூன்று மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். அலுவலர் மதியழகன் கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, கசங்காமல் பையிலேயே திரும்ப வைத்தார்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா. ஆனா இப்ப காகிதம் செல்லாது. நாக்குதான்.”

“சார், அவனும் நானும் ஒரே வயித்துல பொறந்தோம். எனக்கு எழுபத்தொண்ணு வருது. அவனுக்கு மட்டும் எப்படி சார் நாப்பத்திநாலு?”

“நாவறி வயித்தப் பாக்கிறதில்லம்மா. வாயத்தான் பாக்குது.”

“அவன் வெளையாட்டுக்குப் பேசினான் சார்.”

“இருக்கலாம். நான் நம்புறேன். நான் நம்பி என்ன ஆகப் போவுது? முடிவு பண்றது நானில்லியே.”

“பின்ன யாரு சார்?”

“எனக்கு முடிவாகித்தான் வருது. நான் வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் கையெழுத்துப் போடுறவன்.”

லோகநாயகி குறுக்கே புகுந்தாள். “அப்ப அந்தப் பெட்டியா என் வீட்டுக்காரர ஜீப்புல ஏத்துச்சு?”

“பெட்டி எண்ணு மட்டும்தாம்மா குடுக்கும். எண்ணு முடிவாகாதுன்னு கம்பெனி ஒப்பந்தத்துலயே தெளிவா இருக்கு.”

“நீங்களும் இல்ல. பெட்டியும் இல்ல. கம்பெனியும் இல்ல. அப்ப யாரு?”

“சட்டப்படி தகுதியுள்ள அலுவலர்.”

“அவரு எந்த ரூம்ல இருக்காரு?”

மதியழகன் கணினியில் தேடினார். உண்மையாகவே தேடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் தேடினார். “அது இங்க காட்டலம்மா,” என்றார். சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்த மாதிரிதான் இருந்தது.

வாசலில் மரத்தடியில் மனு எழுதுகிற பரசுராமனிடம் சிவபாக்கியம் கதையை முதலிலிருந்து தொடங்கினாள். அவர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“கதையெல்லாம் எழுதினாக் குப்பைக்குப் போயிரும். தகவல் உரிமைச் சட்டத்துல ஒரே ஒரு கேள்வி போடுங்க. பேரக் கேளுங்க. கவர்மெண்டு கண்ணீருக்குப் பயப்படாது, கூட்டத்துக்குப் பயப்படாது. யாருன்னு பேரு கேட்டா மட்டும் கொஞ்சம் அசையும்.”

“எத்தன நாளாகும்?”

“முப்பது நாளுக்குள்ள சொல்லியாகணும். சட்டம்.”

அவரே எழுதினார். ‘என் தம்பி தவராசு அயலார் என்று முடிவு செய்த தகுதியுள்ள அலுவலரின் பெயர், பதவி, அலுவலக முகவரி தருக.’ சிவபாக்கியம் கையெழுத்துப் போட்டாள். தம்பியைக் கொண்டுபோய் அடைத்திருந்த வெள்ளக்கரடு முகாமுக்கு அங்கிருந்து நான்கு மணி நேரம். பஸ் ஏறிப் போனார்கள். இரத்தச் சொந்தம் என்றாலும் சரிபார்ப்பு முடியும்வரை பார்க்கக்கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மாத நடுவில் பெட்டியின் மைக்கில் கரகரப்பு வந்தது. சரி பண்ண வந்தவன் ஜெனிட்டன், நாகர்கோவில் பக்கத்துக்காரன். பெட்டியைத் திறந்து போட்டுவிட்டுத் தூசி தட்டினான்.

“அக்கா, குடிக்கதுக்குக் கொஞ்சம் வெள்ளம் தாருங்களேன். இதுக்க முன்னால வெள்ளம்னு சொல்லப்பிடாது, என்னையக் கேரளாவுக்கு அனுப்பிரும்.” சிரித்தான். “சும்மா இல்ல. எனக்க ஸ்கோரு முப்பத்தொம்பதாக்கும். சர்வீஸ் ஐடி போட்டுத் தாண்டியதுனால பொழச்சுக் கெடக்கேன்.”

சிவபாக்கியம் தண்ணீர் கொடுத்தாள். மனதில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டாள். “தம்பி, எந்தம்பிக்கு நாப்பத்திநாலு வந்துச்சு. அதுக்கு முந்தின மாசம் பக்கத்து லைன் தாத்தாவுக்கு நாப்பத்திமூணு. அவருக்குப் பச்ச விழுந்துச்சே. எப்படி?”

“முந்தின மாசம் பச்சைக் கோடு நாப்பத்திரெண்டுல இருந்துச்சு. போன ஒண்ணாம் தேதி நாப்பத்தொம்பதாக்கிட்டாவ.”

“யாரு ஆக்கினா?”

“யாரும் ஆக்கல. அது தன்னால ஏறும், தன்னால எறங்கும். கிட்டங்கி இருப்போட கோத்து விட்டிருக்கு. கிட்டங்கியில அரிசி கொறஞ்சா கோடு மேல போவும்.”

அவளுக்கு உடனே பிடிபடவில்லை. “ஆளு மாறலியேப்பா. அதே ஆளு, அதே வாயி.”

“அரிசி மாறிட்டுல்லா அக்கா.” அவன் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே சொன்னான். “ஒரு கடைக்கு இத்தன மூட்டைதான்னு வந்தாச்சு. இத்தன கார்டுக்கு அது எட்டாது. அப்பம் கார்டைக் கொறைக்கணும். எத்தன அயலார் வேணும்ணு கணக்குப் பாத்து, அதுக்கு ஏத்த மாதிரி கோடு நிக்கும். விலைவாசி எறங்கிச்சுன்னா உங்க ஊருல ஒரு அயலாரும் இருக்க மாட்டான். நான் சொன்னேன்னு யார்ட்டயும் சொல்லிராதீங்க, என்ன?”

பெட்டியை மூடி, சர்வீஸ் ஐடியைப் போட்டுவிட்டு, “ஹலோ, ஒன்று, இரண்டு, மூன்று” என்று செய்தி வாசிப்பவன் மாதிரிச் சொல்லிப் பார்த்தான். பச்சை வந்தது.

சிவப்பு விழுந்த கார்டுகளின் அரிசி வீணாவதில்லை. அதே கடையில் மீதியிருக்கும் கார்டுகளுக்குப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். ‘கூடுதல் பங்கு’ என்று பலகையில் எழுதியாக வேண்டும். முதல் முறை எழுதியபோது வரிசையே தலை குனிந்து நின்றது. ஒரு பெண் அந்த அரிசியைக் கோயிலில் கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு பையைக் கட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாம் முறை, “அடுத்த தடவை எத்தனை கிலோ கூடும் அக்கா? முன்னாடியே தெரிஞ்சா வெளிய வாங்காம இருக்கலாம்ல,” என்று கேட்டார்கள். கேட்டவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அதே மாதம்தான் பால் விலையும் பஸ் கட்டணமும் ஒரே நாளில் ஏறின. ஆனால் வரிசையில் இருந்த சளசளப்பு போய்விட்டது. முன்னால் நிற்பவர் பெட்டியிடம் பேசும்போது பின்னால் நிற்பவர்கள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்டார்கள்.

தம்பி போன பிறகும் அந்தப் பொத்தானை அவள் அழுத்தத்தான் செய்தாள். என்ன செய்ய? அழுத்தாவிட்டால் பின்னால் நிற்கும் நாற்பது பேருக்கு அரிசி இல்லை. மொத்தம் பதினோரு முறை; ஒவ்வொரு முறையும் ஜீப் வந்தது. ஃபாக்டரியில் வேலை பார்க்கும் ஆரோக்கியசாமிக்கு நாற்பத்தேழு. பவளக்கொடி என்ற பெண்ணுக்குப் பயத்தில் பேச்சே வரவில்லை. பேசாதவருக்குப் பூஜ்யம். “பாக்கியக்கா, நீங்க சொல்லுங்கக்கா, என்னயத் தெரியும்ல,” என்று பவளக்கொடி பேச ஆரம்பித்தபோது அரை நிமிஷம் முடிந்திருந்தது.

இருபத்தாறாம் நாள் முகாமிலிருந்து தம்பியின் போன் வந்தது.

“வணக்கம். நான் தவராசு பேசுகிறேன். தாங்கள் நலமாக இருக்கிறீர்களா?”

“டேய்! யாருடா இது? தவராசா?”

“ஆம், அக்கா. இங்கே உணவு நன்றாக இருக்கிறது. காலையில் இட்டிலி உண்டேன். தேநீர் பருகினேன்.”

“ஏண்டா இப்படிப் பேசுற? நம்ம மாதிரி பேசுடா, சாமி.”

“அது இயலாது, அக்கா. எல்லா அறையிலும் நாவறி உள்ளது. வாரந்தோறும் மதிப்பெண் இடுகிறார்கள்.”

“இப்ப எவ்வளவுடா?”

“முப்பத்தொன்று.”

“இவ்வளவு சுத்தமாப் பேசுறியே, எப்படிக் கொறையுது?”

“பாடம் படித்துப் பேசுகிறேன் என்று குறைக்கிறார்கள். உள்ளூர்க்காரன் இப்படிப் பேச மாட்டானாம்.” குரல் உடைந்தது. உடைந்த குரலிலும் அவன் இலக்கணத்தை விடவில்லை. “லோகநாயகியிடம் கூறுங்கள். வண்டிச் சாவி என்னிடம்தான் உள்ளது. முதலாளி கோபித்துக்கொள்வார்.”

போன் கட்டாகிவிட்டது.

முப்பத்திரண்டாம் நாள் லோகநாயகியின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. ‘தங்கள் குடும்ப உறுப்பினரின் கடல்வழிப் பயணம் இனிதே தொடங்கியது.’ கீழே ஒரு கப்பல் படம். அவன் பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்தது இரண்டு முறை, இரண்டும் ராமேஸ்வரத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் திதி கொடுக்கப் போனபோது.

தபால் வந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. பதிவுத் தபால். கடையில் ஆள் இல்லாத நேரம். சிவபாக்கியம் பிரித்துப் படித்தாள்.

‘தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. மேற்படி நபர் குறித்து நாவறி மதிப்பெண்ணை ஆராய்ந்து, அது “சரி” எனச் சான்றளித்து முடிவு செய்த தகுதியுள்ள அலுவலரின் விவரம்: திருமதி சிவபாக்கியம், விற்பனையாளர், நியாயவிலைக் கடை, நெடுஞ்சோலை. சான்றளித்த முடிவை முப்பது நாட்களுக்குள் “விளக்கம்” வழியே திரும்பப் பெறும் அதிகாரம் சான்றளித்த அலுவலருக்கு மட்டுமே உண்டு. மேற்படி நேர்வில் அக்காலம் முடிவுற்றது. தகவல் உரிய கெடுவுக்குள் வழங்கப்படுகிறது.’

நான்கு முறை படித்தாள். ஐந்தாம் முறை அந்த ஒரு சொல்லை மட்டும் படித்தாள்.

சரி. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை வாயில் வருகிற சொல். போனை வைக்கும்போது சரி. பிள்ளை அழுதால் சரி சரி. கடன்காரன் நாளைக்கு வருகிறேன் என்றால் சரி. கேட்டுக்கொண்டேன் என்று பொருள், போகலாம் என்று பொருள், விட்டுத்தள்ளு என்றும் பொருள். ‘இது உண்மை, இதற்கு நான் பொறுப்பு’ என்றும் அதற்கு ஒரு பொருள் இருக்கிறது என்பதை ஊரில் எல்லோரும் மறந்து வெகுகாலமாகிவிட்டது. அரசாங்கம் மட்டும் மறக்கவில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு லைனுக்கு நடந்தாள். ஒளித்து வைக்கலாமா என்று வழியில் ஒருமுறை தோன்றியது. ஒளிக்கவில்லை. லோகநாயகி வாசல் வெளிச்சத்தில் நின்று விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். திட்டுவாள், முடியைப் பிடிப்பாள் என்று சிவபாக்கியம் எதிர்பார்த்தாள். அப்படிச் செய்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

“முப்பது நாளும் உங்க கையிலயா இருந்துச்சு, மதினி?”

“எனக்குத் தெரியாது லோகா. சத்தியமாத் தெரியாது.”

“தெரியாதுதான்.” கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். “அந்த ஆபீசர் சாருக்கும் தெரியாது. அடுப்புல சோறு இருக்கு, மதினி.” உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் சிவபாக்கியம் வழக்கம்போல ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்தாள். வரிசை நின்றது. யாருடைய கார்டையும் வாங்கவில்லை. பெட்டியில் பழைய பதிவுகளைத் திறந்தாள். தம்பியின் பெயருக்கு நேரே ஒரு பூட்டுப் படம் இருந்தது. அதற்கு அடுத்து வந்த பதினொன்றிலும் பூட்டு இல்லை. பதினொன்றில் முதலாவதுக்கு முப்பதாவது, கடைசி நாள் அன்றுதான்.

ஆரோக்கியசாமியின் பெயரைத் தொட்டு விளக்கத்தை அழுத்தினாள்.

பெட்டி பூட்டிக்கொள்ளவில்லை. மேலிடத்துக்கு அழைப்பும் போகவில்லை. ஒன்றுமே ஆகவில்லை. திரையில் ஒரு வரி மட்டும் வந்தது: ‘காரணத்தை வாய்மொழியாகக் கூறவும்.’

“ஆரோக்கியசாமிய எனக்குப் பதினாறு வருசமாத் தெரியும். இந்த ஊர்க்காரரு. நான் தெரியாம சரின்னுட்டேன். இப்ப இல்லங்கிறேன்.”

பெயர் பச்சையானது. திரையின் மூலையில் சின்னதாக இன்னொரு எண் வந்தது. அவளுடையது. பேசுகிறவர் யாராயிருந்தாலும் பெட்டி எண் போடும். அறுபத்தொன்பது.

பவளக்கொடி. “அந்தப் புள்ள பயத்துல பேசல. ஊமைக்கு ஊரு இல்லியா?” அறுபத்தாறு.

மூன்று, நான்கு, ஐந்து. ஒவ்வொரு பெயருக்கும் பேசப் பேசக் கடைக்காரத் தமிழ் கழன்று விழுந்தது. உள்ளேயிருந்து வீட்டில் பேசிய பேச்சு வந்தது. கோபம் வரும்போது அப்பா எப்படி இழுப்பாரோ அதே இழுப்பு. அவளுக்கே காதில் விழுந்தது. அடக்கிப் பேசலாம்தான். அடக்கிப் பேசிய குரலைப் போனில் கேட்டிருந்தாள். ஏழு, எட்டு. எண் அறுபதுக்குக் கீழே போனது. பதினொன்றாவது பெயர் பச்சையானபோது மூலையில் ஐம்பத்து மூன்று நின்றது. அந்த மாதத்துக் கோடு ஐம்பத்திரண்டு.

தலைக்கு மேலே பலகையில் இருந்த எண் தானாக மாறியது. ஒரு கார்டுக்குப் பதினான்கு கிலோ என்று இருந்தது பதினொன்று என்றானது. வரிசையில் முதலாவதாக நின்றவர் சென்னியப்பன். கழுத்தை நிமிர்த்திப் பார்த்தார்.

“ஏனுங் அம்மிணி, பதினாலுன்னு இருந்துச்சுங்களே. இப்பப் பதினொண்ணுங்குது?”

“பதினோரு வீட்டு அரிசியத் திருப்பி எழுதிட்டேன்ணே. அவங்க திரும்பி வருவாங்க.”

“அப்படிங்களா? நல்லதுதானுங்க.” ஒரு நிமிஷம் யோசித்தார். “மேலிருந்து ஆர்டர் வந்துச்சுங்களா?”

“இல்லண்ணே. நான்தான்.”

“நீங்கதான்னா?”

“நான்தான் பொறுப்பு.”

வரிசைக்கு அது புரியவில்லை. இத்தனை நாளில் அப்படி ஒரு பதிலை அந்தக் கவுன்டரிலோ வேறு எந்தக் கவுன்டரிலோ அவர்கள் கேட்டதில்லை. பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். “மூணு கிலோவ வெளிய வாங்கினா அறுநூறு ரூவா. அந்தப் பொறுப்ப நீங்க ஏத்துக்குவீங்களா அக்கா?” இன்னொரு குரல்: “தம்பியக் காப்பாத்த முடியல, ஊரா வீட்டு அரிசியில வந்து நல்லவளாயிட்டா.” யார் சொன்னது என்று சிவபாக்கியம் பார்க்கவில்லை. குரலை வைத்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை அப்படியே விட்டுவிட்டாள்.

சென்னியப்பன் கெட்டவர் இல்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, புகார்ப் பக்கத்தைத் திறந்தார்.

“தப்பா நெனச்சுக்காதீங் அம்மிணி. ஊட்டுல ஏழு வாயிங்க.”

“எழுதுங்கண்ணே. எழுதத்தான் வேணும்.”

“பொறுப்பான அலுவலர் பேருன்னு ஒரு கட்டம் கேக்குதுங்க.” அவர் குரலில் ஒரு ஆச்சரியம் இருந்தது. குடிதண்ணீருக்கு எழுதியிருக்கிறார், பென்ஷனுக்கு எழுதியிருக்கிறார், நின்றுபோன பஸ்ஸுக்கு எழுதியிருக்கிறார். ஆயுசில் ஒருமுறைகூட அந்தக் கட்டத்தை அவரால் நிரப்ப முடிந்ததில்லை. விரலை எழுத்துகளுக்கு மேலே நிறுத்திக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“சிவபாக்கியத்துக்குச் சின்ன சி-ங்களா, பெரிய சீ-ங்களா?”

“சின்ன சி-தாண்ணே,” என்றாள் அவள். “எழுதிட்டுக் கார்டக் குடுங்க.”